சீனிக் கொப்பியும் பொய்க் கணக்கும்

(எமது வானொலியின் ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



என்னுடைய குரலை உங்களில் பலர் மாசி, பங்குனி மாதங்களில்தான் கேட்டிருப்பீர்கள். ரி4 வந்துவிட்டதா, வாடகைப் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருக்கிறீர்களா என்று வருடாவருடம் உங்களைத் தொந்தரவு செய்கின்ற அந்தக் கணக்காளர்தான் நான். இன்றைக்கு வரிக் கணக்கு இல்லை. வேறொரு கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது என்னுடைய சொந்தக் கணக்கு. அதிலும், நான் பொய்யாக எழுதிய கணக்கு.

நேயர்களே, நான் ஒரு நீரிழிவு நோயாளி. ஊரிலே சலரோகம் என்போம், சீனி வருத்தம் என்போம். இந்த ஒரு வசனத்தை ஒலிவாங்கிக்கு முன்னால் சொல்வதற்கு எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது. என்ன சாப்பிடவேண்டும், எவ்வளவு நடக்கவேண்டும் என்பதையெல்லாம் வைத்தியர்கள் இதே வானொலியில் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். அதைத் திருப்பிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, தேவையும் இல்லை. இந்த வருத்தம் மனதுக்குள்ளே என்ன செய்கிறது, வீட்டுக்குள்ளே என்ன செய்கிறது, எங்கள் கொண்டாட்ட மண்டபங்களிலே என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2011ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். எனக்கு வயது 43. இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பவேண்டியிருந்தது. பாதத்தில் ஒரு எரிவு. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடும்ப வைத்தியர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த கிழமை கூப்பிட்டு, "ஏ1சி 8.4 இருக்கிறது" என்றார். 6.5 இருந்தாலே அது நீரிழிவு. "வீட்டிலே வேறு யாருக்கும் இருந்ததா?" என்று கேட்டார். "அம்மாவுக்கு" என்றேன்.

வெளியே வந்து வாகனத் தரிப்பிடத்தில் முக்கால் மணித்தியாலம் காருக்குள்ளேயே இருந்தேன். அப்போது என் மனதில் சீனியும் இல்லை, சோறும் இல்லை. அம்மாவின் கால்தான் இருந்தது. 2001இல் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 2003இல் அம்மா போய்விட்டா. இரண்டு செய்தியையும் நான் இங்கேயிருந்து தொலைபேசியில்தான் கேட்டேன். அந்தக் காருக்குள் இருந்தபோது, அம்மாவின் காலை எடுத்தது அன்றைக்குத்தான் என்பதுபோல இருந்தது.

மனைவிக்கு மட்டும் சொன்னேன். சொல்லும்போதே, "பிள்ளைக்குச் சொல்லவேண்டாம். உம்மடை அண்ணாக்களுக்கும் சொல்லாதையும்" என்று வாயைக் கட்டிவிட்டேன்.

ஏன் மறைத்தேன்? அதற்கு அம்மாவிடம்தான் போகவேண்டும். 1984இல் அம்மாவுக்கு வருத்தம் பிடித்தது. அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். 'சலரோகக் குடும்பம்' என்று ஒரு கதை வெளியே போனால் போதும், வந்த சம்பந்தம் திரும்பிவிடும் என்ற பயம். அப்போது வீட்டில் இரத்தம் குத்திப் பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. சிறுநீரில் பெனடிக்ற் கரைசலை விட்டுச் சூடாக்கிப் பார்ப்பார்கள். நீலமாக இருந்தால் நல்லது, செங்கல் நிறத்துக்குப் போனால் சீனி கூட. அம்மா அதைக் குசினிக்குப் பின்னால், குப்பிவிளக்கில் வைத்துச் செய்வா. ஊசி போடுவது குசினிக் கதவுக்குப் பின்னால். வெளியே யாராவது "அக்கா நிக்கிறியளோ" என்று கூப்பிட்டால், ஊசியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வருவா. இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சலரோகம் என்றால் மறைக்கவேண்டியது என்பதை எனக்கு யாரும் வாயால் சொல்லித்தரவில்லை. அந்தக் கதவுதான் சொல்லித்தந்தது.

கனடாவுக்கு 1997இல் வந்தேன். அந்தக் கதவையும் கூடவே கொண்டுவந்திருக்கிறேன் என்பது 2011இல்தான் தெரிந்தது.

ஸ்காபரோவிலே ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு கொண்டாட்டம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மண்டபத்தில் நுழைந்தவுடன் தட்டிலே லட்டு, கேக், சோடா. "வேண்டாம்" என்றால், "ஏன், சீனியோ?" என்று கேட்பார்கள். கேள்வி பகிடியாகத்தான் வரும். ஆனால் மேசையில் இருக்கிற ஒன்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் லட்டைச் சாப்பிட்டேன். கேக்கையும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து விரலைக் குத்திப் பார்த்தால் 16, 17. அந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு நித்திரை வராமல் கிடப்பேன்.

இனிக் கொப்பிக்கு வருகிறேன். இரத்தச் சீனியைப் பார்த்து எழுதச் சொல்லி எனக்கு ஒரு சின்னக் கொப்பி தந்திருந்தார்கள். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டது. முதல் மாதம் ஒழுங்காக எழுதினேன். இரண்டாம் மாதம் ஒரு 14 வந்தது. எழுதக் கை வரவில்லை. 8.2 என்று எழுதினேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. சில நாட்களில் குத்திப் பார்க்காமலே எழுதினேன். நம்பும்படியாக இருக்கவேண்டும் என்பதற்காக இடைக்கிடை ஒரு 9.1, ஒரு 6.7 என்று கலந்து எழுதினேன். யாராவது ஒரு வாடிக்கையாளர் இப்படி ஒரு பேரேட்டைக் கொண்டுவந்தால், கையெழுத்து வைக்கமாட்டேன், எழும்பிப் போங்கள் என்று சொல்லியிருப்பேன். வணிகமாணிப் பட்டம் பெற்றவன், இருபது வருடமாகக் கணக்கு எழுதிச் சாப்பிடுகிறவன், என் உடம்பின் கணக்கை இரண்டு வருடம் பொய்யாக எழுதினேன்.

ஆனால் நேயர்களே, உடம்புக்கு ஒரு கணக்காய்வாளர் இருக்கிறார். அவர்தான் ஏ1சி. எங்கள் இரத்தத்தில் உள்ள செங்குழியங்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கின்றன. இரத்தத்தில் சீனி கூடினால் அந்தக் குழியங்களுக்குள் இருக்கும் ஈமோகுளோபினில் சீனி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். முதல் நாள் பட்டினி கிடந்து போனாலும் அவரை ஏமாற்ற முடியாது. பெரும்பாலானவர்களுக்கு அது 7க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பார்கள். எனக்கு 9.6 வந்தது. வைத்தியர் கொப்பியையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபிக்கவில்லை. "நீங்கள் கணக்காளர்தானே?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

பிறகு அவர் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. "இது பரீட்சைப் புள்ளி இல்லை. இதைப் பார்த்து உங்களுக்குப் பாஸ், பெயில் போடுவதற்காக நான் இங்கே இருக்கவில்லை. மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்க்கத்தான் கேட்கிறேன். பொய் இலக்கத்தைப் பார்த்து மருந்து தந்தால் அந்த மருந்தும் பொய்யாகத்தான் இருக்கும்."

எங்களுக்கு இலக்கம் என்றாலே புள்ளிதான். அரிவரியிலிருந்து புலமைப்பரிசில், உயர்தரம் வரைக்கும் இலக்கத்தால் அடி வாங்கியும் பாராட்டு வாங்கியும் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே குளுக்கோமீற்றரில் 14 என்று கண்டவுடன், 'நான் கெட்டவன், எனக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்த இலக்கம் ஒரு தகவல் என்று நினைக்க நாங்கள் பழகவில்லை.

இத்தனை சொல்லியும் நான் மறைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்த வைத்தது 2014ஆம் ஆண்டு சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வரிக் காலம். காலையில் குளிசை போட்டேன். எனக்குத் தந்திருந்த கிளிக்லசைட் என்ற குளிசை சீனியைக் கீழே இறக்கும், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அளவுக்கு மேலே இறக்கிவிடும். மதியம் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், சாப்பிடவில்லை. பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு நேராக ஒரு சாமத்தியவீட்டுக்குப் போனேன். மனைவிக்கு அன்றைக்கு வேலை. மண்டபத்தில் வைத்து வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. யாரோ ஏதோ கேட்க நான் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறேன். எழும்பினேன், கால் தடுமாறியது. பின்னால் ஒருவர், "அண்ணை இண்டைக்கு நல்லாய் ஏத்திப்போட்டார்" என்று சொன்னது காதில் விழுந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர்களில் பிழை இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும்?

பக்கத்து மேசையில் இருந்த ஒரு பிள்ளை, தாதிப் படிப்புப் படிக்கிற பிள்ளையாம், ஓடிவந்து, "அங்கிள், உங்களுக்கு டயபிற்றிஸ் இருக்கோ?" என்று கேட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லை" என்றேன். அந்த நிலைமையிலும் பொய்தான் வாயில் முன்னுக்கு வந்தது. அந்தப் பிள்ளை என் சொல்லை நம்பவில்லை. ஒரு கிளாஸ் தோடம்பழச் சாற்றைப் பிடித்துக் குடிக்க வைத்தது. கால் மணித்தியாலத்தில் எனக்கு மண்டபம் மண்டபமாகத் தெரியத் தொடங்கியது. என் மகள் பக்கத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது 15 வயது.

அன்றைக்கு இரவு அவள் கேட்டாள். "அப்பா, அவ கேட்கேக்கை நீங்கள் இல்லை எண்டு சொன்னீங்கள். நானும் இல்லை எண்டுதானே சொல்லியிருப்பன். நான் உங்களுக்கு என்ன குடுக்கிறது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நான் மறைத்தது என்னை மட்டும் பாதிக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தகப்பனைக் காப்பாற்றத் தெரியாமல் பக்கத்தில் நின்றேன் என்ற பாரத்தை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமந்திருக்கும்.

நான் ஒருவன்தான் இப்படியா என்று பிறகு யோசித்தேன். இல்லை. என் தொழிலிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. வரி எழுதும்போது மருந்துச் செலவுப் பற்றுச்சீட்டுகளைக் கேட்போம். கணவன், மனைவி இருவருடைய செலவையும் சேர்த்து ஒருவருடைய படிவத்தில் காட்டலாம். ஊரும் பேரும் சொல்லமாட்டேன், ஒரு குடும்பத்தில் கணவர் தன் பற்றுச்சீட்டைத் தனியாகக் கொண்டுவந்து, "இதை அவவுக்குக் காட்டவேண்டாம்" என்றார். மூன்று நாள் கழித்து மனைவி தன்னுடையதைக் கொண்டுவந்து, "இவருக்குத் தெரியவேண்டாம்" என்றா. இரண்டு பற்றுச்சீட்டிலும் ஒரே மருந்து, மெற்போர்மின். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிற இருவர், ஒருவருக்கொருவர் பயந்து ஒரே குளிசையை ஒளித்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

இந்தச் சுமைக்கு வைத்திய உலகத்தில் ஒரு இடம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் பொலோன்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் நீரிழிவுக்காரரின் மன உளைச்சலை அளப்பதற்கு 20 கேள்விகள் கொண்ட ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார்கள். எதிர்காலத்தை நினைத்துப் பயமா, சாப்பிட்டபின் குற்ற உணர்வா, இந்த வருத்தத்தோடு தனித்துப்போனதாக நினைக்கிறீர்களா, வீட்டார் விளங்கிக்கொள்கிறார்களா என்ற மாதிரியான கேள்விகள். அதை வாசித்தபோது, யாரோ என் வீட்டு யன்னலால் எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. நாளாந்தம் விரலைக் குத்தி, குளிசையை எண்ணி, சோற்றை அளந்து, ஒருநாள்கூட விடுமுறை இல்லாமல் செய்யவேண்டிய வேலை இது. அதனால் வருகிற களைப்பு சோம்பேறித்தனம் அல்ல.

இதைவிட ஆழமானது மனச்சோர்வு நோய். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் விருப்பமில்லை, நித்திரை இல்லை அல்லது எந்நேரமும் நித்திரை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் - இப்படி இருந்தால் அது மருந்தும் உதவியும் உள்ள வருத்தம். மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மனம் உளையும்போது உடம்பில் சுரக்கும் சுரப்புகள் இரத்தச் சீனியையும் ஏற்றிவிடும். சீனி ஏற மனம் உளையும், மனம் உளையச் சீனி ஏறும். இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு சுற்றும்.

எங்கள் சமூகத்துக்கு இதற்கு மேலேயும் பாரம் இருக்கிறது. எங்களைப் போன்ற தெற்காசிய மக்களுக்கு இந்த வருத்தம் வெள்ளையரைவிட இளமையிலேயே, உடம்பு பெரிதாகப் பருக்காமலே வந்துவிடுகிறது. அதோடு செல்லடியும் இடப்பெயர்வும் கண்ட மனம். இரவு வேலை, இரண்டு வேலை, நேரம் தப்பிய சாப்பாடு. ஊருக்கு அனுப்பவேண்டிய காசு. நிலக்கீழ் அறைகளில் பகல் முழுக்கத் தனியே இருக்கும் எங்கள் முதியவர்கள். ஆண்களில் சிலருக்குத் தாம்பத்திய வாழ்க்கையில் வரும் பிரச்சினை, அதை மனைவிக்கும் சொல்லமுடியாமல், வைத்தியருக்கும் சொல்லமுடியாமல் வீட்டில் காரணம் தெரியாத சண்டையாக மாறுவது. இதுவும் நீரிழிவால் வரக்கூடியது, சிகிச்சையும் இருக்கிறது. வானொலியில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லாமல் விடுவதால்தான் குடும்பங்கள் முறிகின்றன என்று நினைத்துச் சொல்கிறேன்.

இனி வீட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. சொன்னபிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். என் மனைவி காவல்காரியாகிவிட்டா. "இஞ்சாருங்கோ, அது இரண்டாம் கரண்டி", "காலமை எவ்வளவு இருந்தது?" என்று, அதுவும் விருந்தினர் முன்னால். ஊரிலிருந்து மாமியும் தொலைபேசியில் விசாரணை. ஒருநாள் "180" என்று சொன்னதற்கு இங்கே ஒருவர் பதறிவிட்டார். அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. அங்குள்ள இலக்கத்தை 18ஆல் பிரித்தால் இங்குள்ள இலக்கம் வரும். 180 என்றால் இங்கே 10. வேறொன்றுமில்லை, நாணயமாற்றுப் போலத்தான்.

மனைவியோடு எனக்குச் சண்டை வந்தது. ஒருநாள் அவ சொன்னா: "நான் உங்களைக் காவல் காக்கேல்லை. எனக்குப் பயமாயிருக்கு. அந்தப் பயத்துக்கு நான் என்ன செய்யிறது?" அன்றைக்குத்தான் விளங்கியது. இந்த வருத்தம் என் இரத்தத்தில் மட்டும் இல்லை, அவவுடைய நித்திரையிலும் இருக்கிறது. பிறகு இருவரும் ஒரு ஒப்பந்தம் செய்தோம். மற்றவர்கள் முன்னால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கென்று தனிச் சமையல் இல்லை, வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. சோறு அளவாக, மரக்கறி கூட. குரக்கன் புட்டென்றாலும் அளவு அளவுதான். கிழமைக்கு ஒருநாள், நான் கேட்காமலே கொப்பியை அவவிடம் கொடுப்பேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் சேர்ந்து நடப்போம். அந்த நடையில் சீனியைப் பற்றிப் பேசமாட்டோம்.

கொண்டாட்டம் வைக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் "வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். "ஒரு துண்டு சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது" என்று திணிக்கவும் வேண்டாம், "ஐயோ, உங்களுக்கு இது கூடாதே" என்று தட்டைப் பறிக்கவும் வேண்டாம். இரண்டும் ஒன்றுதான். தண்ணீரையும் பழத்தையும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால் போதும். சாப்பாட்டைப் பத்து மணிக்குப் போடாமல் கொஞ்சம் நேரத்தோடு போட்டால், மருந்து போட்டுவிட்டு வந்தவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

2017இல் என்னை இன்சுலினுக்கு மாற்றினார்கள். "ஊசிக்கு வந்திட்டார் என்றால் ஆள் முடிஞ்சுது" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாங்கள் குடியிருக்கிற இந்த ரொறன்ரோ நகரம்தான் இன்சுலின் பிறந்த இடம் என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1921ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பான்ரிங்கும் சார்ள்ஸ் பெஸ்ற்றும் ஆய்வைத் தொடங்கினார்கள். 1922 தை மாதம் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அந்த மருந்தை முதலில் ஏற்றினார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. ஜேம்ஸ் கொலிப் அதைச் சுத்திகரித்துத் தந்தபின் போட்ட ஊசியில் பையன் தேறினான். அதற்கு முன் அவனைப் போன்ற பிள்ளைகளுக்குச் சாவுதான் முடிவு. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஒரு டொலர் வீதம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பான்ரிங் பிறந்த நாளான நவம்பர் 14ஐத்தான் உலக நீரிழிவு நாளாக வைத்திருக்கிறார்கள். சாகிற பிள்ளையை எழுப்பிய மருந்தை நாங்கள் சாவின் அடையாளம் என்கிறோம்!

முதல் மூன்று மாதம் அலுவலகக் கழிவறைக்குள் போய்த்தான் ஊசி போட்டேன். ஒருநாள் அங்கே கதவைப் பூட்டும்போது, அம்மாவின் குசினிக் கதவு நினைவுக்கு வந்தது. அதோடு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மருந்துக்கும் கட்டுப்பாடு. அம்மா இன்சுலின் குப்பியை ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வைத்திருந்தா. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, ஈரத் துணியில் சுற்றிய அந்தக் குப்பியை அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தா. நாவற்குழிப் பாலம் தாண்டி, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பம். ஊசி போட மறைவிடம் இல்லை. இருட்டினபிறகு அம்மா கிணற்றடிக்குப் பின்னால் போனா. நான் காவலுக்குப் போனேன். அங்கே எங்களுக்கு முன்னரே ஒருவர் குந்தியிருந்தா. ஊரில் எங்களுக்கு இரண்டு வளவு தள்ளியிருந்த ரீச்சர் மாமி. அவவின் கையிலும் ஊசி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரீச்சர் மாமிதான் முதலில் கேட்டா: "உங்களுக்குமோ?" அம்மா, "பதினொரு வருசம்" என்றா. "எனக்கு ஒன்பது" என்றா மாமி. பிறகு இருவரும் சிரித்தார்கள். அந்த இடப்பெயர்வு முழுவதிலும் அம்மா சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அடுத்த கிழமை மாமியின் குப்பி முடிந்தபோது, அம்மா தன்னுடைய குப்பியில் பாதியைக் கொடுத்தா. வேறு வழியில்லாத காலம். இரண்டு வளவு தள்ளி ஒன்பது வருடம் ஒருவருக்கொருவர் உதவியிருக்கலாம். எல்லாவற்றையும் இழந்து ஒரு கிணற்றடியில் நின்றபிறகுதான் அது முடிந்தது.

நேயர்களே, நாங்கள் மறுபடியும் அப்படியொரு கிணற்றடிக்குப் போகும்வரை காத்திருக்கவேண்டுமா?

இன்றைக்கு நான் உங்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. இந்த வருத்தம் உங்களுக்கு இருந்தால், இதுவரை சொல்லாத ஒருவருக்கு இன்றைக்குச் சொல்லுங்கள். மனைவியாக, கணவனாக, பிள்ளையாக, கூட வேலை செய்பவராக இருக்கலாம். சீனி 4க்குக் கீழே இறங்கினால் எப்படி வியர்க்கும், எப்படி உளறுவேன், அப்போது 15 கிராம் சீனி - கோப்பையில் மூன்றில் இரண்டு பங்கு பழச்சாறு, அல்லது மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீர் - தந்து 15 நிமிடம் பார்க்கவேண்டும் என்று சொல்லிவையுங்கள். மயங்கிவிட்டால் வாய்க்குள் எதையும் ஊற்றாமல் 911ஐ அழைக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் வாகனத்தை எடுக்காதீர்கள். அடுத்த தடவை வைத்தியரிடம் போகும்போது இலக்கத்தோடு சேர்த்து மனதையும் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் உள்ள நீரிழிவுக் கல்வி நிலையங்களில் தாதியும் உணவு ஆலோசகரும் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. மருந்துச் செலவு வருமானத்துக்கு மிஞ்சினால் திரில்லியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். வைத்தியர் எழுதித்தந்த மருந்துகளின் பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள், வரிப் படிவத்தில் காட்டலாம். பார்த்தீர்களா, கடைசியில் வரிக்கு வராமல் என்னால் இருக்க முடியவில்லை.

என் கொப்பி இப்போதும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விருந்து. இரவு பார்த்தேன், 13.2. பேனையை எடுத்து 13.2 என்றே எழுதினேன். மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நடப்பம் அப்பா" என்றாள். அடுத்தநாள் காலை நடந்தோம்.